மூன்றாவது குதிர்

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டில் அரசு எழுத்தராக இருந்தேன். அரிசிக்குத் தட்டுப்பாடு. அனுமதித்த அளவுக்கு மேல் நெல் வைத்திருக்கும் வீடுகளைச் சோதனை போட்டுப் பறிமுதல் செய்யும் குழுவில், பட்டியல் எழுதுவது என் வேலை. ஜீப்பில் முன்னால் அதிகாரி. பின்னால் இரண்டு போலீஸ்காரர்களும் நானும். நாங்கள் அதை ரெய்டு என்றோம். ஊர்க்காரர்கள் கொள்ளை என்றார்கள். அந்தச் சொல் எனக்கு மிகையாகப் பட்டது. சரித்திரப் புத்தகங்களில் நான் படித்த கொள்ளையர் குதிரையில் வந்தார்கள், ஊருக்குத் தீ வைத்தார்கள். நாங்கள் தராசு கொண்டுபோனோம், ரசீது கொடுத்தோம்.

தமிழ் பேசும் எல்லையோர ஊரான எருத்தேன்பதியில், கணவரை இழந்து தனியாக விவசாயம் பார்த்த ஒரு பெண்மணியின் வீடு இருந்தது. பயிர்க் கணக்கு எடுக்க வெயிலில் அலைந்தபோது ஒருமுறை அங்கே மோர் குடித்தேன். வழக்கம்போல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் சார், எல்லாத்தையும் எழுதுவீங்களாட்ட இருக்குது? நாங் குடுத்த மோரையுமா?"

"இரண்டு டம்ளர்" என்று படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

வீட்டையும் காட்டினார். கூடத்தில் ஆளுயர மண் குதிர் இரண்டு, சாப்பாட்டு நெல். பின்கட்டில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் சிறியதாக இன்னொன்று. அதன் வாயைச் சாணத்தால் மெழுகி அடைத்திருந்தார். "அது வெதைங்க. பட்டினி கெடந்தாலும் அதத் தொடமாட்டோம்." நான் எழுதினேன்: குதிர் மூன்று. அடுத்த வரியில்: மூன்றாவது, விதை.

மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுக்கே ரெய்டு போனோம். கூடத்து நெல் அளவுக்குள் இருந்தது. அதிகாரி கிளம்பிவிட்டார். ஜீப்பில் ஏறும்போது, எப்போதும்போல மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் சரிபார்த்தார்.

"குதிர் ரெண்டல்லே? சரியல்லே?"

குறிப்பேட்டைத் திறந்து, "மூன்று சார்" என்றேன்.

அவர் எண்ணைக் கேட்டார், எண் தவறாக இருந்தது, திருத்தினேன். அடுத்த வரியை நான் படிக்கவில்லை.

மறுபடி உள்ளே போனோம். போலீஸ்காரர் ஒருவர் தவிட்டு மூட்டைகளை இழுத்துப்போட்டுச் சாணப் பூச்சை உடைத்தார். அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களே பாத்தீங்கல்ல? வெதைன்னு சொல்லுங்க சார்."

சொல்லியிருந்தால் அதிகாரி விட்டிருப்பார், கடுமையான மனிதரல்ல. ஆனால் விதை என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்த வீட்டில் நான் மோர் குடித்தது வெளியே வரும். நான் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டியலில் எழுதினேன்: நெல், இரண்டு மூட்டை.

"குதிரைல வந்து கொள்ளையடிச்சவங்ககூட வெதைய உட்டுட்டுப் போனாங்கன்னு எங்கய்யன் சொல்லுவாரு" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "அடுத்த வருசமும் வந்து அள்ளோணுமில்லீங்களா?"

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். நான் ரசீதை நீட்டினேன். வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

என் குறிப்பேட்டில் அன்றைய தட்பவெப்பம், ஜீப் கிளம்பிய நேரம், மூட்டைகளின் எடை எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் விதை என்ற சொல் இல்லை.

மழை விழுந்த பிறகு அந்தப் பக்கம் போனோம். அவருடைய வயல் உழுதபடியே கிடந்தது, உழவுசாலில் தண்ணீர் நின்றது. அடுத்த வயலில் பெண்கள் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசி ஆள் நிமிர்ந்தபோதுதான் அது அவர் என்று தெரிந்தது. ஜீப்பையும் என்னையும் பார்த்தார்.

"பதினோரு பேருங்க சார்!" என்று கத்தினார். "எழுதிக்கோங்க!"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, குனிந்து நடவைத் தொடர்ந்தார்.

பதினொன்று சரிதான். அவர் சொல்வதற்கு முன்பே நான் எண்ணி முடித்திருந்தேன்.