அட்டவணையில் இடம் மாறிய பாத்தி

வின்னி கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டிடிபி கடை. பதினெட்டு வருஷமாக அங்கே பிஎச்டி ஆய்வேடுகளை டைப் செய்து, பக்கம் பிரித்து, பைண்டிங்குக்கு அனுப்புகிறாள். படித்தது பியூசி வரைதான். ஆனாலும் அட்டவணைக்கு எண் எப்படிப் போடுவது என்று ஆய்வாளர்கள் அவளைத்தான் கேட்பார்கள். முடிந்த ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற இணையக் காப்பகத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக்கூடத் திறந்து படித்ததில்லை.

போன வருஷம் ஏப்ரலில் காற்று மோசமாக அடித்தது. வின்னியின் வீட்டு வரிசைக்குப் பின்னால் சயனைடு மேடு. சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கல்பொடி, மலைபோல் நிற்கிறது. ஜன்னலை அடைத்தாலும் சோற்றில் தூள் விழுந்தது. மகள் ஸ்வீட்டிக்கு இருமல் நிற்கவேயில்லை.

“இன்னா பண்றது வின்னி, மழ வர்ற வரைக்கும் இப்படித்தான்” என்றாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா.

மறுநாள் மதியம், கடையில் கரண்ட் போயிருந்த நேரம், வின்னி போனில் சோத்கங்காவைத் திறந்து கேஜிஎஃப் என்று போட்டுத் தேடினாள். சுரங்க வரலாறு, தொழிலாளர் சங்கம் என்று வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு தாவரவியல் ஆய்வேடு: தூள் பறக்காமல் பிடித்துவைக்க, சயனைடு மேட்டில் எந்தப் புல் பிழைக்கும்? பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. எழுதியவர் டி. மமதா.

அத்தியாயம் அத்தியாயமாக இறக்கி, ரயிலில் படித்தாள். பாதி புரியவில்லை. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் கை நின்றது. ஏரி வண்டல் கலந்த பாத்தியில் கொழுக்கட்டைப் புல் பிடித்தது என்றது எழுத்து. வெறும் சாணி எரு போட்ட பாத்தியில்தான் பிடித்தது என்றது அட்டவணை. எது சரி?

நன்றியுரையைப் புரட்டினாள். ‘நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டில் வேலை பார்த்த என் அப்பா தாமோதரனுக்கு’ என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நந்திதுர்க் போய் நாலு வீட்டில் விசாரித்தாள். ஐந்தாவது வீட்டில் பெரியவர் தாமோதரனே கதவைத் திறந்து, மகள் நம்பரைக் கொடுத்தார். மமதா இப்போது ஓசூரில் பள்ளி டீச்சர். வின்னி போன் போட்டாள்.

“மேடம், உங்க ஆய்வேட்ட படிச்சேன். ஒரு டவுட்டு. வண்டல் போட்டதா, சாணி போட்டதா, எதுல புல் வந்துச்சி?”

மமதா எதிர்க்கேள்வி கேட்டாள்.

“நீங்க எந்த காலேஜுங்க?”

“காலேஜ் இல்லீங்க. டைப் பண்றவ. கோரமண்டல்.”

மமதா கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். “வண்டல்தாங்க. அட்டவணைல ரெண்டு வரிசை மாறிப்போயிருக்கு. கைடு பாக்கல, எக்ஸாமினர் பாக்கல, நானே பாக்கல. எங்க வீட்லயே அத யாரும் தொறந்ததில்லங்க.” சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்கியதும், “எதுக்குக் கேட்டீங்க?” என்றாள்.

வின்னி இருமலைப் பற்றிச் சொன்னாள்.

ஜூனில், முதல் மழைக்கு மறுநாள், மமதா கோணிப்பை நிறையப் புல் தூர்களோடு வந்திறங்கினாள். மேட்டடியில் சர்ச்சுக்குச் சொந்தமான காலி இடம், பாஸ்டர் சரியென்றிருந்தார். ஏரி வண்டலை டெம்போவில் கொண்டுவந்து கொட்டி, வீட்டு வரிசையில் இருந்த எட்டுப் பேர் நட்டார்கள். பத்தே நாளில் ஆடுகள் புகுந்து பாதியை மேய்ந்துவிட்டன. வின்னிக்கு அழுகையே வந்தது. கிருஷ்ணம்மாதான் முள்செடி வெட்டிவந்து வேலி கட்டினாள். மறுபடி நட்டார்கள்.

செப்டம்பரில் முழங்கால் உயரம் வந்தது. இந்த ஏப்ரலிலும் காற்று அடித்தது, தூளும் வந்தது. ஆனால் புல்லுக்கு நேரே உள்ள ஆறு வீடுகளில் குறைவு. ஸ்வீட்டி பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தாள். மமதா பள்ளி விடுமுறையில் வந்து, பிழைத்த தூர்களை எண்ணிக் குறித்துக்கொண்டு போனாள். விட்ட ஆராய்ச்சியை மறுபடி தொடங்கப் போகிறாளாம்.

போன சனிக்கிழமை, தங்கவயலிலேயே இன்னொரு மேட்டை ஒட்டிய பாலகாட்டிலிருந்து மூன்று பெண்கள் சாக்கோடு வந்தார்கள்.

“அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் தூர் கெடைக்குமா?”

வின்னி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தாள்.