காத்தாடி சுற்றும் படம்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கறிக்கடையில் வரிசை கட்டி நிற்கும்போது, நான் வாகைக்குளம் விமான நிலையத்து வேலிக்கு வெளியே, உடைமுள் புதர்களுக்கு நடுவில், கேமராவும் கையுமாக நிற்பேன். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். படங்களைக் காட்டினேன். "வேற சோலி இல்லையா வே?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள்.

அங்கே நான் எடுப்பது இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய காத்தாடி வைத்த சிறிய விமானங்களைத்தான். காத்தாடி விமானத்தைப் படமெடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு நொடியை ஆயிரமாகப் பங்குபோட்டு அதில் ஒரு பங்கு திறந்தால் விமானம் தெளிவாக விழும், ஆணி ஆணியாக எண்ணலாம். ஆனால் காத்தாடியும் அசையாமல் நின்றுவிடும். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் காத்தாடி வட்டமாகச் சுழல்வது தெரியும். ஆனால் விமானம் போகிற வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் மொத்தப் படமும் கலங்கிவிடும். பத்துக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

நான் எப்போதும் ஆயிரத்தில்தான் எடுப்பேன். தேறாத படத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், எந்தக் கடிதத்தையும் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்கிற ஆள் நான்.

என் தம்பிக்கு இந்தப் படங்களைப் பிடிக்காது. ஏரலில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களில் எரிந்துபோகிற பம்புசெட் எல்லாம் அவனிடம்தான் வரும். கம்பியைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பான். நான் ஆசையாகப் படத்தைக் காட்டினால் ஒரு பார்வை பார்ப்பான்.

"நிக்குத காத்தாடியப் போட்டோ எடுக்கதுக்கு எதுக்குண்ணே வாகைக்குளம் வரைக்கும் போற? என் கடைக்கு வா. வரிசையா நிக்குது."

எனக்குக் கோபம் வரும். ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

போன வருஷம் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மோட்டாரைத் தூக்க முடியவில்லை. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். இவன் மாட்டேன் என்றான். ஊருக்கெல்லாம் மோட்டாரைப் பிரித்துப் போட்டவனுக்குத் தன்னைப் பிரித்துப் போடுவார்கள் என்றதும் பயம். அவன் மனைவி அழுதாள், கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

நான்தான் விமானத்தைச் சொல்லி இழுத்தேன். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போக வேண்டாம், வாகைக்குளத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை என்றேன். அவன் விமானத்தில் ஏறியதே இல்லை.

"நான் போற பிளேனை நீ எடுப்பியா?"

"எடுக்கேன்."

"காத்தாடி சுத்தணும். சுத்துத மாதிரி எடுத்தேன்னு சொல்லு, வாரேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். அவன் கிளம்பியது அந்தப் படத்துக்காகத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அடுத்த இரண்டு வாரம் விடுப்பு போட்டுக்கொண்டு தினமும் வேலிக்குப் போனேன். நூற்றிருபத்தைந்தில் வைத்து இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பழகினேன். எல்லாம் கலங்கல். கடைசி நாளில் இரண்டு படம் சுமாராக வந்தன. ஆடி மாதம், மேல்காற்று மாறாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு விமானம் மேற்கே பார்த்துத்தான் ஏறும். வடக்கு வேலியில் நிற்கிற எனக்கு அதன் வலது பக்கம் தெரியும். அதனால் அவனுக்கு வலது பக்கத்து ஜன்னல் இருக்கையாகப் பார்த்துப் போட்டேன், அவன் மனைவிக்குப் பக்கத்து இருக்கை. நான் படத்தை எடுத்துவிட்டு அன்று மாலை ரயிலில் போவதாக ஏற்பாடு.

அன்று காலை அவர்கள் இருவரையும் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வேலிக்கு ஓடினேன். கேமரா நூற்றிருபத்தைந்தில் இருந்தது. விமானம் கிழக்குக் கோடியில் போய்த் திரும்பி நின்றது. சத்தம் ஏறியது. ஓட ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த இரண்டு வாரத்துக் கலங்கல் எல்லாம் கண்முன்னே வந்தன. திரும்ப எடுக்க முடியாது, இது ஒன்றுதான் என்று நினைத்தேன். கலங்கிப்போனால் அவனிடம் என்னத்தைக் காட்டுவேன்? கட்டைவிரல் தானாகக் கேமராவின் சக்கரத்தை உருட்டி ஆயிரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எடுத்தேன். விமானம் எனக்கு மேற்கே ஏறி, மணிமுத்தாறு மலைப் பக்கம் சின்னதாகிப் போய்விட்டது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரை நான் எடுத்ததிலேயே தெளிவான படம். காத்தாடியின் ஆறு றெக்கையும் தனித்தனியாக அசையாமல் நின்றன. அதற்குப் பின்னால் நான்காவது ஜன்னலில் ஒரு உள்ளங்கை. கண்ணாடியில் அப்பி வைத்திருந்தான். வெயில் நேராக அதன்மேல் அடித்தது. கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்களின் அகலம்கூடத் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது அதைத்தான்.

"சுத்துதாண்ணே?"

"சுத்துதுலே. நல்லா சுத்துது."

காட்டச் சொன்னான். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், நீ வந்து பெரிசாகப் பாரு என்றேன். கேமரா என் பையில்தான் இருந்தது. கட்டிலுக்குக் கீழே, என் கால் பக்கத்தில். அவன் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். கடையில் மாட்டணும் என்று அவளிடம் சொன்னான். அவன் என்னிடம் கேட்ட ஒரே காரியத்தை நான் செய்யவில்லை. செய்துவிட்டதாக அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. திரும்பி வந்தது ஆம்புலன்ஸில், ரோட்டு வழியாக. ஏரல் ஆற்றங்கரையில் காரியத்தை முடித்தோம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் அவன் மனைவி என்னிடம் வந்தாள். அந்தப் படத்தைப் பெரிசாகப் போட்டுத் தாங்க அத்தான், அவுக கடையில் மாட்டச் சொன்னாக என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். போட்டுத் தாரேன் என்றேன். மறுபடியும் வேலிக்குப் போனேன். அதே காலை விமானம், அதே நிறம், அதே மேற்குத் திசை. நூற்றிருபத்தைந்தை விட்டு விரலை நகர்த்தவில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாததாலோ என்னவோ பயமே வரவில்லை. ஐந்தாவது நாளில் விழுந்தது. விமானம் தெளிவாக, காத்தாடி முழு வட்டமாக, பின்னால் கருவேலங்காடு கோடு கோடாக ஓடியது. அவன் பார்த்திருந்தால் முதல்முறையாக என்னைப் பாராட்டியிருப்பான். அங்கேயே முள்ளுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

படத்தைச் சட்டம் போட்டு ஏரலுக்குக் கொண்டுபோனேன். கடையைத் திறந்து வைத்திருந்தாள். பிரித்த மோட்டார்கள் போட்டது போட்டபடி கிடந்தன. படத்தை மேஜையில் சாய்த்து வைத்து முதலில் காத்தாடியைப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு விரலை வைத்து ஜன்னல்களை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

இவள் பக்கத்து இருக்கையில் இருந்தவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏறி முடியுத வரைக்கும் கைய இங்கனதான் வச்சிருந்தாக. அண்ணன் பாப்பான், அண்ணன் பாப்பான்னு. கையக் காணுமே அத்தான்?"

கை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைச் சொன்னால் இது வேறு விமானம் என்று சொல்ல வேண்டும். அவன் கடைசியாகக் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும்.

"மெதுவா எடுத்தாத்தான் காத்தாடி சுத்துதது தெரியும். மெதுவா எடுத்தா கை விழாது" என்றேன்.

அவள் அதை நம்பினாள். இத்தனை வருஷம் கேமரா பிடிக்கிறவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

"கை வராட்டா போவுது. அவுக ஆசப்பட்டது வந்துட்டுல்லா" என்றாள்.

உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்து வந்தாள். செத்தவர் படத்துக்கு நெற்றியில் வைப்பதுபோல், அந்த நான்காவது ஜன்னலின்மேல் பைய ஒரு பொட்டு வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். இந்தப் படத்தை எடுத்த அன்று அந்த ஜன்னலில் உட்கார்ந்து போனவர் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. இந்நேரம் எங்கேயோ உயிரோடு இருப்பார்.