தமிழை மீட்டெடுத்த துபாஷி வேலாயுதம்

செவ்வாய்க்கிழமை காலை பதுளை நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கையில், தெமோதரைத் தோட்டத்துக் கங்காணி பெரியசாமி வாசலில் வந்து நின்றார். தலைப்பாகை கையில் இருந்தது. அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. "தம்பி போயிட்டான்யா. வெடியக்காலம், தூக்கத்துலயே" என்றார். பண்டிகைக்காகத் தமையனான இவர் வீட்டுக்குப் போயிருந்த துபாஷி வேலாயுதம் இனித் திரும்பமாட்டார்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலமும் சந்தையில் சிங்களமும் கற்று, இருபது வருடம் இந்த நீதிமன்றத்தில் மூன்று மொழிகளுக்கு நடுவே நின்று மொழிபெயர்த்தவர். ஆனால் கடைசி ஐந்து வருடங்களில் அவர் செய்ததை உங்களில் பலர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். துக்கத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத உற்சாகம் முட்டிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் இங்கே நகல் எழுதும் குமாஸ்தா. "சாட்சி சொன்னதுல ஒரு சொல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அது அவங்க சொத்து" என்று அவர் என்னிடம் அடிக்கடி சொல்வார். ஒருநாள் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் சாட்சியத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். வலது கை சாட்சிக்கூண்டின் கட்டையிலிருந்து நழுவியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் தாங்கிப் பிடிப்பதற்குள் சாய்ந்துவிட்டார்.

பத்து நாள் ஒரு பேச்சும் இல்லை. பதினோராம் நாள் "வதுர" என்றார். சிங்களத்தில் தண்ணீர்! நான் துள்ளி எழுந்தேன். அதன்பிறகு சின்னச் சின்னதாய்ச் சொற்கள் வந்தன. எல்லாமே சிங்களம். தமிழ் ஒன்றுகூட வரவில்லை, ஆங்கிலமும் இல்லை. அவர் மனைவி செல்லாயிக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. "உள்ள புகுந்து பேசுறது யாரு தம்பி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு விளக்கினார்: மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கென்று ஓர் இடம் இருக்கிறதாம், அங்கேதான் அடிபட்டிருக்கிறது, புத்தி கெடவில்லை. பல மொழி அறிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு திரும்புமாம். நான் அதை அவர் வீட்டாரிடம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியசாமி உடுக்கைக்காரர் ஒருவரையும் ஒரு கட்டு வேப்பிலையையும் கொண்டுவந்து இறங்கினார். பேயை அடித்து விரட்டுவதாக ஏற்பாடு. ஒரு பக்கம் செத்துக் கிடக்கும் உடம்பை! அங்கே சிங்களம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; வேலாயுதம் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கோபத்தோடு ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்னய்யா சொல்லுறான்?" என்றார் பெரியசாமி.

மூத்தவர் முன்னால் எப்படிச் சொல்வது? "அண்ணன் சிரமப்பட வேணாம்னு சொல்றாருங்க" என்றேன்.

இடது கையால் கட்டிலில் ஓங்கி ஒரு அடி. "எஹெம நெமெயி!" அப்படியில்லை என்று அர்த்தம். நான் பேசிய தமிழ் அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கிறது! சொல்லத்தான் வரவில்லை!

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்: "'இந்த மடையனை என்னைத் தொட விடாதே'ங்கிறாரு."

செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது அவருதான்! பேயாவது, பிசாசாவது! மச்சான், வேப்பிலையத் தூக்கி வெளிய போடுங்க!" பெரியசாமி கட்டிலோரம் உட்கார்ந்து, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

இரண்டு மாதம் அந்த வீட்டில் நான் துபாஷிக்குத் துபாஷியாக இருந்தேன். ஒருநாள் நீதிமன்றம் கூடியிருக்கும்போதே செல்லாயி மூச்சிரைக்க ஓடிவந்தார். "தம்பி! தமிழ் வந்துருச்சு! உப்புன்னு சொல்லிட்டாரு!" நீதவான் துரை என்னவென்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவரும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் பார்த்தால் தண்ணீரும் உப்பு, தலையணையும் உப்பு, நானும் உப்பு. அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. தினமும் காலையில் செல்லாயியின் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிப் பழகினார். கை, கதவு, சோறு. ஒரு வருடத்தில் மூன்று சொல் சேர்த்துப் பேசினார்.

வேலைக்கு அவர் திரும்பவில்லை; அந்த இடம் எனக்கு வந்தது. மாலைகளில் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கும்போது நான் அவசரப்பட்டு எடுத்துக்கொடுப்பேன். இடது கையை உயர்த்துவார். "பொறு. வரும்." எவ்வளவு நேரமானாலும் அவர் தேடியதே வரும், பெரும்பாலும் நான் நினைத்தது அதுவாக இருக்காது.

அந்தப் பொறுமையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று ஹாலிஎலத் தோட்டத்துப் பெண் ஒருத்தி சாட்சிக்கூண்டில் நின்றாள். கைதியைக் காட்டி, "இவர்தானே உன் புருஷனை அடித்தது?" என்று கேட்கப்பட்டது. அவள் உதடு துடித்தது, பேச்சு எழவில்லை. துரை பொறுமையிழந்து என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்திக் காத்திருந்தேன். என் வாயில் தயாராக இருந்த சொல் "ஆமாங்க."

அவள் சொன்னது, "இல்லைங்க. அடிச்சவரு அந்தா, பின்னால பெஞ்சுல ஒக்காந்திருக்காரு."