சேவலின் இடது கால்

மதிப்பிடப்படும் பொருளில் சொந்த ஆதாயம் உள்ளவர் மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. எங்கள் தமிழாசிரியருக்கு விதி தெரியும். என் அப்பாவைப் போல அவரும் சேவல் சண்டைக்குச் சேவல் விடுகிறவர்.

இன்று காலை பல்லடம் சாலைக் கறிக்கடையில் கோழியைத் தீயில் வாட்டினார்கள். இறகு பொசுங்கும் வாசனையில் என் முதுகு எரிந்தது.

ஏழாம் வகுப்பில், தெரிந்த ஒன்றை மதிப்பிட்டு எழுதச் சொன்னார் ஆசிரியர். நிறையும் குறையும் வேண்டும். படிப்பவர் நம்ப வேண்டும். அப்பாவின் சண்டைச் சேவலைப் பற்றி எழுதினேன். பாய்ச்சலில் அதற்கு நிகரில்லை, ஆனால் இறங்கும்போது இடது கால் மடங்குகிறது என்றேன்.

ஆசிரியர் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை, இடப்பக்கம் பாயும் சேவலாகப் பார்த்து, காலில் கத்தி கட்டி எதிரே விட்டார். எங்கள் சேவலின் குடல் மண்ணில் சரிந்தது. செத்த சேவல் ஜெயித்தவரின் குழம்புக்குப் போவது வழக்கம். அதைத் தன் வாசலில் வாட்டிக்கொண்டே ஆசிரியர் அப்பாவிடம் சொன்னார்: "ஏனுங்க, உங்க பையன் கட்டுரை ரொம்ப நேர்மைங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா மாட்டுச் சாட்டையை எடுத்தார். சட்டை கிழிந்து ரத்தத்தோடு முதுகில் ஒட்டியது. "கொன்னுபோடாதீங்க" என்று குறுக்கே விழுந்த அம்மாவுக்கும் அடி.

"எழுதுனதுல எது பொய்ங்கப்பா?" என்று கேட்டேன். சாட்டை நின்றது. அப்பா அதை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார்.

அரசு அலுவலகத்தில் தூங்கிய கோப்புகள் பல பார்த்தவன் நான். எதுவும் என் கேள்வி அளவுக்குத் தூங்கியதில்லை. "காலு மடங்குச்சு கண்ணு, நானும் பாத்தேன்" என்று அப்பா சொன்னது, நான் பணி ஓய்வு பெற்ற அன்று.