பச்சைப் பென்சிலும் கடலடிக் குகையும்

கடலடிப் பாறையைக் காகிதத்தில் பார்த்தே எண்ணெய்க்குத் துளை போட இடம் சொல்லும் தொழிலில் தூக்கம் என்பது அடுத்தவருக்குக் கிடைக்கிற சமாச்சாரம் என்று சக பாவிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பாய்க் கடலுக்கடியில் ஒரு சுண்ணாம்புப் பாறைத் திட்டு. ஆதியில் அது தண்ணீருக்கு வெளியே நின்று, மழையில் கரைந்து, குழியும் குகையுமாகி, பிறகு புதைந்துபோனது. கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கோடு கோடாகப் பதிந்து தருவார்கள். குகை எங்கே என்று அதில் நான் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டைவிட்டால், துளையை அடக்கிவைக்க ஊற்றும் சேறு முழுக்கக் குகைக்குள் ஓடிவிடும். கீழேயிருந்து வாயு சீறினால் ரிக் என்கிற துளைமேடையில் நிற்பவர்கள் உயிருக்கு உத்தரவாதமில்லை.

கலர் போட்ட கதை

எண்பதுகளின் தொடக்கம். பாறையின் மேல்விளிம்பைப் பச்சைப் பென்சிலால் தொடர்ந்துகொண்டே வந்தேன். ஓரிடத்தில் எதிரொலி அறுந்து கிடந்தது. இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கைப்பழக்கத்தில் இணைத்துவிட்டேன். இணைத்தபின் அங்கே கோடு இருப்பதாகவே கண் சாதிக்கும். அது எங்கள் தொழிலின் சாபம். "குகையோ என்னவோ" என்று பக்கத்து மேஜை பாலுவிடம் இழுத்தேன். அவர் சொன்னார்: "கலரே போட்டாச்சு, இனிமே என்னய்யா சந்தேகம்?"

பூண்டு வியாபாரி

அந்த இடத்திலேயே துளை ஆரம்பித்தார்கள். நான் லீவில் கோடைக்கானலுக்கு, மாமனார் வீட்டுக்கு வந்தேன். ரிக்கில் நின்றவன் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி சேவியர். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். மனசு கேட்காமல், கையோடு கொண்டுவந்த காகிதத்தை நடுவீட்டில் விரித்துப் பச்சையை அழித்துப் பார்த்தேன். அடியில் எதிரொலி ஒன்றுமே இல்லை. பூண்டு விற்கக் கொண்டுவந்த கிளாவரைக் கிராமத்துக்காரர் குனிந்து பார்த்து, என்ன ஏதென்று விசாரித்துவிட்டுக் கேட்டார்: "கடலுக்கு அடியில கெடக்குறதே தெரியுதுங்கிறீங்க, என் தோட்டத்துல தண்ணி எங்கன இருக்குன்னு ஒரு கோடு போட்டுத் தாங்களேன்."

தந்தி

கொட்டும் மழையில் தபாலாபீசுக்கு ஓடினேன். பச்சைக் கோட்டை நம்பாதே, குகை இருக்கலாம், சேறு கூடுதலாக வை என்று பாலுவுக்குத் தந்தி. வாங்கிப் படித்த குமாஸ்தா என் நனைந்த செருப்பைப் பார்த்தார். "சேறா? நம்ம ரோட்டுலயே வேண்டிய மட்டும் கெடக்கே சார், இதுக்குப் போயி தந்தியா?"

டிரங்க் கால்

பதிலே இல்லை. ஸ்டெல்லாவிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையே இழுத்துக்கொண்டு போகவேண்டிய ஆள் தினமும் வெள்ளனே மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினால் எந்த மனைவிக்குத்தான் சந்தேகம் வராது? பம்பாயிலிருந்து கால் என்று தபாலாபீசிலிருந்து ஆள் வந்தபோது அவளும் கூடவே வந்துவிட்டாள். ரிக்கிலிருந்து கரைக்கு வந்திருந்த சேவியர் கத்திய கத்தல் கவுண்டர் வரை கேட்டது: "குகைதான் அத்தான்! சேறு அம்புட்டும் உள்ள போயிருச்சு. நீங்க கூடுதலா வைக்கச் சொன்னதுனால பொழச்சோம். அக்காட்ட மட்டும் சொல்லிராதீங்க!" எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா ரிசீவரைப் பிடுங்கினாள். "ஏலே, அக்காதான் பேசுறேன். வெரசா வீடு வந்து சேரு."

கடலுக்கடியில் ஒரு குகை யுகயுகமாக ஒளிந்திருந்துவிடலாம். கோடைக்கானல் தபாலாபீசில் டிரங்க் கால் பேசியவனின் ரகசியம் ஒரு காபி ஆறும் நேரம்கூட ஒளிந்திருக்காது.