விண்வெளிப் பெட்டிக்கு வைத்த பொட்டு

முதலியார்பேட்டை டீக்கடையில் கேட்டால், புருஷோத்தமன் தாம் விண்வெளி ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொல்வார். முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. பூமியைச் சுற்றிவரும் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டிக்குள் கேழ்வரகு முளைத்துக்கொண்டிருந்தது. அதே மாதிரிப் பெட்டி, அதே விதை, காலாப்பட்டில் ஓர் ஆய்வகத்திலும் இருந்தது. அங்கே வளர்வதையும் இங்கே வளர்வதையும் ஒப்பிடுவார்கள். இங்கே இருப்பதை யாரும் தொடாமல் காவல் காப்பது புருஷோத்தமன் வேலை. பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறவியிலேயே வாய்த்த திறமைக்கு இப்போதுதான் சம்பளம் வருகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வீட்டில் செய்வதைத்தான் அங்கேயும் போய்ச் செய்கிறார் என்பது மனைவி சுடர்விழியின் கருத்து.

புருஷோத்தமனின் அப்பா மில் தொழிலாளி. ஆயுத பூஜையன்று எந்த இயந்திரத்தையும் பொட்டில்லாமல் விடாத குடும்பம். அந்த வருஷம் மைக்ராஸ்கோப், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு வந்தவருக்கு, பெட்டியை மட்டும் மூளியாக விட மனம் வரவில்லை. ஒற்றை விரல் படுவதெல்லாம் தொடுவதில் சேராது என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மேல்மூடிக் கண்ணாடியின் ஓரத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தார். செடிக்கு வெளிச்சம் போவதே அந்தக் கண்ணாடி வழியாகத்தான். அது அவர் புத்தியில் ஏறவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்தபோது துடைத்தும் விட்டார்.

ஆய்வை நடத்தும் கலைமகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் துள்ளினார். நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேராக வளர வேண்டிய தரைச்செடி ஏன் சாய்ந்தது? இது புதுச் செய்தி, உடனே எழுதி அனுப்புகிறேன், நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரும் வரும் என்றார். அன்று சாயங்காலம் டீக்கடையில் புருஷோத்தமன் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். நாற்று சாய்ந்தது பொட்டு வைத்த ஓரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் என்பது தம் வடையைக் கடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவின் இரண்டு வருஷ உழைப்பைப் பார்த்து நம்மால் உலகம் சிரித்துவிடுமே என்று, கடித்த வடையை அப்படியே வைத்துவிட்டார்.

காலையில் கலைமகள் முன் போய் நின்றார்.

"மேடம், அது கண்டுபிடிப்பு இல்ல. நான் வச்ச பொட்டு."

கலைமகள் எழுதியதை அழித்தார். விதை மிச்சமிருந்தது; தரைப்பெட்டியை மட்டும் முதலிலிருந்து நடத்தலாம். புருஷோத்தமன் ஆய்வகச் சாவியை மேசைமேல் வைத்தார். கலைமகள் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"வச்சிக்கங்க. இனிமே அதத் தொட மாட்டாருன்னு நான் நம்பறது உங்க ஒருத்தரத்தான்."

அடுத்த ஆயுத பூஜைக்கு மோட்டார் வரைக்கும் பொட்டு வைத்து முடித்தார். பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தம் தொழிற்கருவியான அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். கும்பிட்டுவிட்டு, அது காயும்வரை நின்றுகொண்டே காவல் காத்தார்.