அம்பாசிடரின் சாம்பல் நீலம்

போன மாதம் கீழ்புத்துப்பட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று பழைய அம்பாசிடர் ஒன்றைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குனிந்து கதவு ரப்பரை விரலால் நெம்பி உள்ளே பார்த்தேன். "கல்யாணத்துக்கு வந்தியா, காரு வாங்க வந்தியா?" என்றார் என் கணவர். பட்டுப்புடவை கட்டியவள் செய்கிற காரியமில்லைதான். ஆனால் ரப்பருக்கு அடியில் வெயில் படாது. கம்பெனியில் அடித்த முதல் கலர் அங்கேதான் மிச்சமிருக்கும். எனக்கு அங்கே கிடைத்தது பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை. சமீபத்தில்தான் அடித்திருக்கிறார்கள்.

அந்த வாசனை வந்தால் எனக்கு மூர்த்தியின் முகம் வந்துவிடும். சிரிக்கிற முகமில்லை.

ஈசிஆர் ஓரம் பாய் ஒருவர் கார் பெயிண்ட் ஷெட் வைத்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். நான் அங்கே கலர் கலக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி. மழைக்காலத்தில் பாத்திகள் முழுகிவிடும். அந்த மூன்று மாதமும் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

ஸ்பிரே கன்னால் பெயிண்ட் அடிப்பவர் மூர்த்தி. அனுமந்தைக்காரர். முதல் நாளே என்னைப் பார்த்து, "உப்பு வார்ற கைக்கு கலர் வேலையா? நாளைக்கு பொம்பளைங்க கன்னும் புடிப்பீங்க போலிருக்குதே" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பேரே கிடையாது, 'கலரம்மா'தான். நான் பெயிண்ட் வடிகட்டும் துணியை ஒளித்துவைப்பார். என் ஸ்டூலின்மேல் ஈர பிரஷ்ஷை வைப்பார். நானும் லேசுப்பட்டவளில்லை, அவர் டீ டம்ளரில் ஒருநாள் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ஒரு ஐப்பசியில் புதுச்சேரியிலிருந்து ஒருவர் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். அதன்மேல் யார் யாரோ நாலு தடவை பெயிண்ட் அடித்திருந்தார்கள். "கம்பெனியிலேர்ந்து வந்தப்போ என்ன கலரோ அதுதான் வேணும். கொஞ்சம் மாறினாலும் எடுத்துக்க மாட்டேன்" என்றார். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன். கடைசியில் டேஷ்போர்டிலுள்ள சின்னப் பெட்டி மூடியின் உள்பக்கம் யார் கையும் படாத கலர் இருந்தது. சாம்பல் கலந்த நீலம். மூடியைக் கழற்றி, பாலிஷ் போட்டுத் துடைத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்தேன். வெள்ளை, கறுப்பு, நீலம், நகக்கண் அளவு சிவப்பு. ஒவ்வொரு தடவையும் அட்டையில் அடித்து, காயவைத்து, ஒட்டிப் பார்ப்பேன். ஒன்பதாவது அட்டை மூடியோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றும் மழை. ஷெட்டுக்குள் டியூப்லைட் எரிந்தது. மூர்த்தி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெயில் வரட்டும் பாய். வெயில்ல பாக்காம நான் கன்ன எடுக்க மாட்டேன்" என்றார்.

என்னை மட்டம் தட்டவே இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன். "பயமா இருந்தா சொல்லுங்கண்ணே, வேற ஆள் பாத்துக்கலாம்" என்றேன். பாய்க்கு மறுநாள் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். "அடிப்பா" என்றார். மூர்த்தி என்னை முறைத்துக்கொண்டே அடித்தார்.

மறுநாள் சுள்ளென்று வெயில். காரை வெளியே தள்ளினோம். சாம்பல் நீலத்தைக் காணோம். கத்திரிப்பூ நிறத்தில் நின்றது வண்டி. சொந்தக்காரர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் பாயை ஷெட்டுக்குள் இழுத்துப்போய் டியூப்லைட்டுக்குக் கீழே அட்டையையும் மூடியையும் காட்டினேன். "பாருங்க பாய், நான் கலந்தது சரியா இருக்குது. கன்ன கழுவாம பழைய பெயிண்ட்டோட அடிச்சிருக்காரு. என்மேல இருக்கிற கடுப்புல வேணும்னே பண்ணியிருக்காரு."

பாய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூர்த்தி, "என் கன்ன நான் கழுவாம எடுத்ததே கெடையாது!" என்று கத்தி அதைத் தரையில் வீசினார். கோபத்தில் வீசினார். நானும் பாயும் அதைக் குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம். "நாளைலேர்ந்து வராதே" என்றார் பாய். காரைக் கெடுத்தவன் என்ற பேச்சு ஈசிஆர் முழுக்கப் பரவி, வேறு எந்த ஷெட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. எனக்கு அன்று மனசெல்லாம் குளிர்ந்திருந்தது.

நாலு மாதம் கழித்து, எதையோ தேடும்போது அந்த அட்டையும், அன்றைய சண்டையில் வண்டியில் திரும்ப மாட்ட மறந்த மூடியும் கைக்கு வந்தன. இரண்டையும் பிடித்தபடி சும்மா வாசலுக்கு வந்தேன். டியூப்லைட்டின் கீழ் ஒன்றாக இருந்தவை வெயிலில் தனித்தனியாகப் பிரிந்தன. அட்டை கத்திரிப்பூ. மூடி சாம்பல் நீலம். திரும்ப உள்ளே போனேன், ஒன்றாகின. வெளியே வந்தேன், பிரிந்தன. பைத்தியம் மாதிரி எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. சாயங்காலம் அட்டையை அடுப்பில் போட்டேன். பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து நான்தான் வெளியே.

அதற்குப் பிறகு எந்தக் கலரையும் வெயிலில் காட்டாமல் நான் கொடுத்ததில்லை. அதனாலேயே எனக்கு நல்ல பேரும் வந்தது. நாலு வருஷம் அந்தப் பேரில் சம்பாதித்தேன்.

கீழ்புத்துப்பட்டுக் கல்யாணம் முடிந்த வாரம் அனுமந்தைக்குப் போனேன். கரையில் மூர்த்தி ஒரு படகுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, அந்த அம்பாசிடர்ல தப்பு என்னுதுதான்" என்றேன். டியூப்லைட்டைப் பற்றி, அட்டையைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"என்கிட்ட எதுக்கு சொல்ற?" என்றார். "நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? பாய்கிட்ட போய் சொல்லு." பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டே, "தள்ளு. ஈரம், பொடவையில படப்போவுது" என்றார்.

பாய் இறந்து மூன்று வருஷமாகிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது ஷெட்டும் போய்விட்டது. அவருடைய பிள்ளைகள் துபாயில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூர்த்தி என்று ஒருவர் வேலை பார்த்ததே தெரியாது.